செவ்வாய்க்கிழமைக்காரரின் வெள்ளிக்கிழமைப் பாட்டு

போன கிழமை மகள் ஆல்பனியிலிருந்து வந்து ஒரு கட்டு அட்டைப்பெட்டியைக் கூடத்தில் இறக்கிவிட்டுப் போனாள். மவுண்ட் ரோஸ்கில் வீட்டை விற்றாயிற்று. இனி நானும் மனைவியும் மகளோடுதான். பெட்டிகள் இன்னும் மடிக்கப்படாமல் தட்டையாக, நாடா போட்டு இறுக்கியிருந்தன. நாடாவை வெட்டினேன். குப்பென்று வாசம் வந்தது. மா காய்ச்சிய பசையும் ஈரக் கடதாசியும் சேர்ந்த வாசம். கண்ணுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, காதுக்கு மெஷின் வைத்தாயிற்று, மூக்கு மட்டும் எண்பதுகளிலேயே நிற்கிறது போலும். கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

"ஆர் யூ ஓகே, அப்பா?" என்றாள் மகள்.

"ஓம், ஓம்" என்றேன். நான் அப்படித்தான். கேட்ட உடனே ஓம் என்று சொல்லிவிடுவேன். யோசிப்பது பிறகு, ஆள் போன பிறகு.

நியூசிலாந்தில் இந்த ஆக்லாந்துக்கு வந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய காரியம்; முருகன் தந்தது என்று வாங்கிக்கொண்டேன். தட்டை அட்டையை மெஷினுக்குள் தள்ள வேண்டும். அது மடித்து, பசை தடவி, அழுத்தி, அடுத்த பக்கம் துப்பும். அடுத்த பக்கத்தில் நின்று அடுக்குகிறவன் ஒரு பிரேசில்காரன். சீக்கோ என்று பெயர். மெஷின் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருக்கும். இவன் அதற்கு இடையில் விரல் நகத்தால் இரும்புத் தட்டில் தட்டுவான். மெஷினோடு சேர்ந்து தட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. இவன் ஒரு கண்ணிமைப்பு பிந்தித் தட்டுவான். இப்போது தவறவிடப் போகிறான் என்று நான் அட்டையைப் பிடித்தபடி காத்திருப்பேன். ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

முதல் நாள் ஸ்மோகோவில், அதாவது தேநீர் இடைவேளையில், என் நெற்றியைக் காட்டிக் கேட்டான். அவனுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே அளவு நொண்டி. ஆகையால் அவன் பேசியதையும் எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

"என்ன அது, சாம்பலோ?"

"ஓம். திருநீறு. சாமிச் சாம்பல்."

"எங்கட ஊரிலையும் பூசுவம். வருசத்திலை ஒரு புதன்கிழமை. ஆடிப்பாடிக் களைச்ச அடுத்த நாள். உனக்கு மட்டும் எல்லா நாளும் புதன்கிழமையா இருக்கே, நீ எப்ப ஆடினனி?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே அவனுக்கு 'மச்சான்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு தொழிற்சாலை முழுக்கக் கேட்கும்படி "மச்சான், பசை முடிஞ்சுது!" என்று கத்துவான். வெள்ளைக்கார மேலாளர் அதை என் பெயரென்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சீக்கோ ஒரு வாத்தியக் குழுவில் டிரம்ஸ் அடிக்கிறவன் என்பது மெல்லத்தான் தெரிந்தது. மூன்று பேர். எலெக்ட்ரிக் பியானோவுக்கு எடுவார்டோ, பேஸ் கிட்டாருக்கு நெல்சன், டிரம்ஸுக்கு இவன். பசிபிக்கில் ஓடிய ஒரு பயணிகள் கப்பலில் மூன்று பேரும் வேலை. வாத்திய வேலை என்று நினைக்காதீர்கள். எடுவார்டோ மேசையில் சாப்பாடு வைக்கிறவன், நெல்சன் இயந்திர அறையில், சீக்கோ குசினியில் வெங்காயம் உரிக்கிறவன். கப்பலின் பெரிய வாத்தியக் குழுவுக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. அந்த ஒரு நாள் இவர்கள் ஏறி வாசிப்பார்களாம். அதனால் குழுவுக்கும் செவ்வாய்க்கிழமை என்றே பெயர். அவர்கள் மொழியில் கிழமைகளுக்கு எண்தானாம். செவ்வாய் மூன்றாவது, வெள்ளி ஆறாவது. செவ்வாயைத்தான் 'தேர்சா' என்பார்கள்.

என் மனைவியிடம் சொன்னேன். "செவ்வாய்க்கிழமை எண்டு ஆராவது பேர் வைப்பினமோ? உருப்பட்ட மாதிரித்தான்" என்றாள். அவள் செவ்வாய்க்கிழமையில் புதுச் சேலையைக்கூட உடுக்க மாட்டாள்.

கப்பல் ஆக்லாந்துத் துறைமுகத்தில் பழுதுபார்க்க நின்று, நின்றபடியே கைமாறிப் போனது. மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள். முதலில் ஒரு உணவுக்கடையில் சனிக்கிழமைகளில் வாசித்தார்கள். கடைக்காரர் மூவருக்கும் குடை அகலத்தில் மெக்சிகோத் தொப்பி வாங்கிக் கொடுத்தாராம். "நாங்கள் பிரேசில்" என்று எடுவார்டோ சொல்ல, "கிட்டத்தானே" என்றாராம் அவர். தொப்பி பியானோக் கட்டைகளை மறைத்ததால் எடுவார்டோ அதைக் கழற்றிக் கீழே வைத்தான். அந்த வேலை அதோடு போயிற்று.

இது என்ன இசை என்று ஒரு நாள் கேட்டேன். "ஜாஸ் ஃபங்க்" என்றான் சீக்கோ. எனக்கு விளங்கவில்லை. தலையைத் தொட்டு "ஜாஸ்" என்றான். பிறகு இடுப்பைத் தொட்டு "ஃபங்க்" என்றான். "ரெண்டும் ஒரே ஆளிலை இருக்கவேணும் மச்சான். கன பேருக்கு ஒண்டுதான் இருக்கு."

பயிற்சி செய்ய அவர்களுக்கு இடமில்லை. எங்களுக்கு ஒரு மண்டபம் இருந்தது. அப்போது இங்கே கோயில் கிடையாது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் நாலைந்து, பிஜியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து, எல்லாரும் சேர்ந்து மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பழைய பலகை மண்டபத்தை வெள்ளிக்கிழமைகளில் ஐந்து மணி முதல் ஏழு மணிவரை வாடகைக்கு எடுத்திருந்தோம். மண்டபத்தின் பின்னால், தனி வெளிவாசலோடு ஒரு சாமான் அறை. சாமி படங்கள், குத்துவிளக்கு, கைத்தாளம், கர்ப்பூரம் எல்லாம் அங்கே. சாமி இருக்கிற இடம் என்று நாங்களே அதற்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டிருந்தோம். ஒரே சாவி. மண்டபத்துக்குக் கிட்ட இருக்கிறவன் என்று என்னிடம் தந்திருந்தார்கள். நான் அதை வீட்டில் சுவாமித் தட்டில், முருகன் படத்துக்குக் கீழே ஒரு கொளுக்கியில் மாட்டி வைத்திருந்தேன்.

ஏழு மணிக்குப் பிறகு செவ்வாய்க்கிழமைக்காரர் வாசிக்கலாம் என்று ஏற்பாடு செய்துகொடுத்தேன். எடுவார்டோவின் பியானோ ஒரு ஆளின் பாரம். அவர்கள் இருந்ததோ மூன்றாம் மாடி. அதையும் எங்கள் சாமான் அறையிலேயே வைக்கட்டும் என்று சொன்னேன். சிலர் முகம் சுளித்தார்கள். பிஜி ராமசாமி அண்ணன்தான் என் பக்கம் நின்றார். எங்கள் பூசைக்கு டோலக் வாசிக்கிறவர் அவர். "வாத்தியம் வாத்தியத்தோட இருக்கட்டுமே. சாமிக்கு என்னா, போரடிக்காம இருக்கும்" என்றார்.

அந்தப் பியானோ கிழமை முழுக்கக் கர்ப்பூரத்தோடும் சாம்பிராணியோடும் பூட்டிக் கிடக்கும். வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்து, உள்ளே சூடேறினால் கோயில் வாசம் வரும். எடுவார்டோ அதிகம் பேசாதவன். முதல் முறை அந்த வாசம் வந்தபோது கைகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "உங்கட கடவுள் என்ரை பியானோவுக்குள்ளை குடிவந்திட்டார்" என்றான். "நல்லது. வாடகை கேக்கமாட்டன்."

வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் முன்கூட்டியே வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே படியில் இருப்பார்கள். உள்ளே நாங்கள் பாடிக்கொண்டிருப்போம். கடைசியாக எப்போதும் முருகன் மேல் ஒரு பாட்டு. ராமசாமி அண்ணனின் தகப்பனார் பிஜியில் கரும்பு வெட்டிய காலத்தில் பாடியதாம். நாலு அடிதான். திரும்பத் திரும்பப் பாடுவோம். பாடிப் பாடி வேகம் ஏறும். அண்ணன் டோலக்கைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு விளாசுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை. மார்கழி மாதம், இங்கே கோடை. ஏழு மணிக்கும் வெயில். நாங்கள் படங்களைத் துணியால் மூடிக்கொண்டிருக்கையில் எடுவார்டோ பியானோவில் ஏதோ தடவினான். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். எங்கள் பாட்டு. ஆனால் நடந்து வருகிறவன் போல நிதானமாக வந்தது. சீக்கோ அதற்குள் புகுந்து, மெஷின் தட்டில் தட்டுகிற மாதிரியே ஒரு கண்ணிமைப்பு பிந்தி அடித்தான். நெல்சனின் கிட்டார் நிலத்தில் ஓடியது. வெறும் காலில் எனக்கு அதிர்வு தெரிந்தது. ராமசாமி அண்ணன் டோலக்கைத் திரும்பவும் உறையிலிருந்து எடுத்தார்.

"அடப்பாவிங்களா, நம்ம அப்பா பாட்டுடா அது!" என்று சொல்லிக்கொண்டே அடித்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பாட்டுக்கு அவர்கள் வெள்ளிக்கிழமை என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் அவர்களுக்கு ஏறுமுகம். நகரத்தில் ஒரு ஹோட்டல் கூடத்தில் ஞாயிறு பின்னேரங்களில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஞாயிறு காலை சீக்கோ வேனோடு வருவான். நான் சாவியை எடுத்துக் கொடுப்பேன். மனைவி தேத்தண்ணி கொடுப்பாள். இரவு பியானோவைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டிவிட்டுச் சாவியைத் தருவான். ஒரு ஞாயிறு நாங்களும் போனோம். கம்பளம் விரித்த இடம். தோடம்பழச் சாற்றை வாங்கி வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் இருப்பதுபோல் நேராக இருந்தோம். "சத்தம் கூடத்தான். ஆனா நெஞ்சுக்கை ஒரு மாதிரி நல்லாக் கிடக்கு" என்றாள் மனைவி. பக்கத்து மேசை வெள்ளைக்காரி மூக்கைச் சுருக்கி, இது என்ன வாசம் என்று பரிசாரகனைக் கேட்டாள். நாங்கள் இருவரும் எங்களுக்கு ஒன்றும் தெரியாததுபோல் மேலே விளக்கைப் பார்த்தோம்.

மாணவர் வானொலி ஒன்றில் 'வெள்ளிக்கிழமை'யைப் பதிவு செய்து போட்டார்கள். சிட்னியில் இசைத்தட்டுக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் இங்கே வந்திருந்தபோது அதைக் கேட்டிருக்கிறார். ஒரு புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரில் கேட்கிறேன், பிடித்தால் இசைத்தட்டு, அன்று மாலை எனக்கு விமானம் என்று சொல்லிவிட்டார். எடுவார்டோவின் வேலை பெர்மிட் அந்த மாதத்தோடு முடிகிறது. கம்பெனி ஒரு கடிதம் கொடுத்தால் நீடிக்கலாம். கொடுக்காவிட்டால் அவன் ஊர் திரும்ப வேண்டும். அவன் போனால் குழு இல்லை. இவ்வளவையும் சீக்கோ திங்கட்கிழமை ஸ்மோகோவில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். நான் அன்று வேலைக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை விடிய டெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து பெரியப்பா மகன். ஊரில் என் தம்பி இல்லை என்றார். ஷெல் விழுந்ததாம். நடந்து பதினொரு நாள். பாதை அடைத்திருந்ததால் செய்தி வரப் பிந்திவிட்டதாம். தூரத்து அழைப்பில் எங்கள் சொல் எனக்கே திரும்பிக் கேட்கும். "எப்ப?" என்றேன். "எப்ப?" என்று எனக்கே கேட்டது.

அழுகை வரவில்லை. நான் செய்தது கணக்குத்தான். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. பதினொன்று போய்விட்டது. மிச்சம் இருபது. சுவாமித் தட்டின் திரையை இழுத்து மூடினேன். துடக்கு வீட்டில் விளக்கு வைக்கக் கூடாது, சாமி படத்தைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு கதிரையில் இருந்தேன். மனைவி தொழிற்சாலைக்கு டெலிபோன் எடுத்து எனக்குச் சுகமில்லை என்று சொன்னாள். யாரும் வீட்டுக்கு வர வேண்டாம், கிழமை முடிய நானே சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். ராமசாமி அண்ணனுக்குக்கூடச் சொல்லவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. சோறு சோறு மாதிரி இருக்கவில்லை, வேறு எது மாதிரியும் இருக்கவில்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு சீக்கோ வந்தான். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய். வேனில் மற்ற இருவரும் இருந்தார்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான்.

"மச்சான், சுகமில்லையாம். இப்ப பரவாயில்லையா? சாவி வேணும். இண்டைக்குத்தான் அந்த ஆள் வாறார்."

"எடுக்கேலாது" என்றேன்.

"ஏன், துலைஞ்சுபோச்சோ?"

"இருக்கு. நான் தொடக்கூடாது."

சிரித்தான். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தான். "சரி, நீ தொடவேண்டாம். எங்கை எண்டு சொல்லு, நான் எடுக்கிறன்" என்று திரையைப் பார்த்தான். நான் எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

குசினிக்குள்ளிருந்து மனைவி, "இஞ்சருங்கோ, விடுங்கோவன். அந்தப் பிள்ளை சப்பாத்தையும் கழட்டிப்போட்டு நிக்குது. தானே எட்டி எடுக்கட்டும்" என்றாள்.

"நீ சும்மா இரு."

"மச்சான், ஒரு மணிக்குப் போகவேணும். அப்ப பூட்டை உடைக்கட்டோ? புதுசு வாங்கித் தாறன்."

"உள்ளை சாமி இருக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். கோபித்திருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும். என் தம்பி செத்துப்போனான் என்று இங்கிலீசில் சொல்ல மூன்றே மூன்று சொல். மூன்றும் எனக்குத் தெரிந்த சொல்தான். அதுவரை யாருக்கும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவில்லை. இன்னொன்றையும் இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். துடக்கு என்பது உண்மை. ஆனால் அந்தத் திரை விலகினால் நான் முருகனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பதினொரு நாள் ஒன்றும் தெரியாமல் நான் அவருக்குப் பூவும் விளக்கும் வைத்திருந்தேன்.

சீக்கோ குனிந்து சப்பாத்தைப் போட்டான். நாடாவை நிதானமாகக் கட்டினான். வேன் போகிற சத்தம் கேட்டது. நான் திரும்பக் கதிரையில் வந்து இருந்தேன்.

பூட்டை அவர்கள் உடைக்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த சாதாரண மரப் பியானோவில் எடுவார்டோ வாசித்திருக்கிறான். சிட்னிக்காரர் கைகொடுத்து, நன்றாக இருக்கிறது, ஆனால் வானொலியில் கேட்ட அந்தச் சத்தம் இதுவல்லவே என்று சொல்லி விமானத்துக்குப் போய்விட்டார். அந்த மாத முடிவில் எடுவார்டோவும் போனான். பியானோவை யாரோ வாங்கிக்கொண்டார்கள். நெல்சன் வேலை தேடி அவுஸ்திரேலியா போனான் என்று கேள்வி.

துடக்குக் கழிந்து மண்டபத்துக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை ராமசாமி அண்ணன் என்னைப் படியில் பிடித்தார். அந்தப் புதனுக்கு அடுத்த வெள்ளி பூசைக்குச் சாவி எடுக்க ஆள் அனுப்பியபோதே தம்பியைப் பற்றி அறிந்திருந்தார். தோளில் கையை வைத்தார். பிறகு, "சாவிக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேப்பா. மூணு தெருதானே. அன்னிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். எனக்கு ஏது தீட்டு? வந்து எடுத்துக் குடுத்திருப்பேன்ல" என்றார்.

ஐந்து நிமிடத்து வேலை. எனக்கு அது தோன்றவே இல்லை.

தொழிற்சாலையில் சீக்கோ சண்டை பிடிக்கவில்லை. நான் தள்ளுகிற அட்டையை அவன் அடுக்கினான். தட்டில் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டான். பல நாள் கழித்து ஸ்மோகோவில் தேநீரைக் கலக்கியபடி, என் முகத்தைப் பார்க்காமல், "நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுற ஆக்கள் எண்டதாலையோ?" என்று கேட்டான். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"இல்லை" என்றேன். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். மணி அடித்தது. எழுந்து போனோம். அந்தக் கோடைக்குள் அவனும், இங்கே கட்டிக்கொண்ட பெண்ணின் ஊரான குவீன்ஸ்லாந்துக்குப் போய்விட்டான். ஒரு மணியைச் சாட்டாகச் சொல்கிறேன் பாருங்கள். அடுத்த நாளும் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடம் இருந்தது, அதற்கு அடுத்த நாளும்.

இப்போது தொழிற்சாலை இல்லை. அந்த இடத்தில் வாடகைக்குச் சாமான் வைக்கும் கிட்டங்கிகள். மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்தப் போட்டிருக்கிறார்கள். ஹோட்டலுக்குப் பெயர் இரண்டு தரம் மாறிவிட்டது. மாணவர் வானொலிக்கு மகள் எழுதிக் கேட்டாள். அந்தக் காலத்து நாடாக்களின் மேலேயே வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டோம் என்று பதில் வந்தது. போனில் செவ்வாய் என்றும் வெள்ளி என்றும் போர்த்துக்கீசில் எழுதித் தேடினாள். கிழமைகள்தான் வந்தன. துடக்கும் இப்போது அப்படி ஒன்றும் இல்லை. மருமகனின் சித்தப்பா இறந்தபோது மூன்று நாள் லீவு எடுத்தார்கள், நாலாம் நாள் விளக்கு வைத்தார்கள்.

கோயில் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நிறையப் பேர் வருகிறார்கள். ராமசாமி அண்ணன் காலமாகிவிட்டார். அவருடைய தகப்பனாரின் அந்த நாலு அடியைப் பூசை முடிவில் இன்னும் பாடுகிறோம். நானும் பாடுகிறேன். பாடும்போது சில நாள் கையைத் தொடையில் ஒரு கண்ணிமைப்பு பிந்திப் போட்டுப் பார்ப்பேன். சரியாக வருவதில்லை. பக்கத்தில் இருக்கிறவர் தாளம் தப்புது என்று மெல்லச் சொல்வார். நான் எல்லாரோடும் சேர்ந்து தட்டத் தொடங்கிவிடுவேன்.